தண்ணீர்த் தாங்கியின் மேல் ஒரு வெள்ளை உருவம்

ஐம்பது வயதைக் கடந்த, இரசாயனவியலில் பட்டம் பெற்ற, "எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதே" என்று ஒவ்வொரு வருடமும் முதல் பாடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற நான், இராத்திரியில் தனியாகக் கழிவறைக்குப் போகப் பயந்து மனைவியை எழுப்பியிருக்கிறேன். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. எழுப்பும்போது உண்மையைச் சொல்லிவிட மாட்டேன். "உனக்குப் போகணுமா?" என்று கேட்பேன். வேண்டாம் என்று அவள் புரண்டு படுத்தால், "நல்லா யோசிச்சுப் பாரு" என்பேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வானொலி நிகழ்ச்சி. வார நாட்களில், இரவுச் செய்தி முடிந்து, ஊர் உறங்கிய பிறகு தொடங்கும். ஆவி, பேய், மறுபிறவி, காலடிச் சத்தம் இவைதான் விஷயம். மக்கள் தொலைபேசியில் வந்து தாங்கள் கண்டதைச் சொல்வார்கள். நிகழ்ச்சியை நடத்துபவர் தேனில் ஊறிய குரல்காரர். அவருக்குத் துணையாக ஆவிகளை ஆராய்ந்தவர் என்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். எந்தப் பேயைச் சொன்னாலும் அது எப்படிச் செத்தது, ஏன் இன்னும் போகவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். சந்தேகம் என்பது அவருக்கு வந்ததே கிடையாது. வகுப்பில் எனக்கு அப்படி ஒரு நாளாவது வாய்த்தால் போதும் என்று பொறாமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு அலுமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. பெரிய பெரிய நாவல்களையெல்லாம் வாசித்தவன் நான். ஆனால் சொல்கிறேன், மன்னாரிலிருந்து பேசிய ஒரு லொறிச் சாரதி, "கண்ணாடியில பார்த்தேன், பின் சீட்டுல..." என்று சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்தினாரே, அந்த மாதிரி ஒரு நிறுத்தத்தை எந்த நாவலிலும் நான் கண்டதில்லை. அவர் வேண்டுமென்றே நிறுத்தவில்லை, இருமினார். இருந்தாலும் கலை கலைதான்.

எனக்கு இருந்த ஒரே மனக்குறை, கண்டியிலிருந்து ஒரு பேயும் வராததுதான். மட்டக்களப்பில் பேய் இருந்தது. நுவரெலியாவில் தோட்டத்துக்குத் தோட்டம் இருந்தது. வவுனியாவில் ஒரு பேய் பீடி கேட்டது. மன்னர் ஆண்ட ஊர் கண்டி, ஏரி இருக்கிறது, காடு இருக்கிறது, வருடத்தில் பாதி நாள் பனிமூட்டம் இருக்கிறது. இவ்வளவு வசதி செய்து கொடுத்தும் ஒரு பேய் இல்லையா? ஊர்ப்பற்று உள்ளவனுக்கு இது பெரிய அவமானம்.

முதலில் வீட்டுக்குள்தான் கேட்டேன். அம்பிட்டியப் பக்கம் ஏறுகிற சரிவில் எங்கள் வீடு. மலை மறைப்பதால் அந்த நிலையம் சரியாக இழுக்காது. பக்கத்து அலைவரிசைச் சிங்களப் பாட்டு குறுக்கே வந்து விழும். கிணற்றடியில் தலைவிரி கோலமாக நின்ற பெண் மெல்ல வாயைத் திறப்பாள், திறந்ததும் பைலா பாடுவாள். பயப்படுவதா ஆடுவதா என்று தெரியாமல் நான் கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். மனைவிக்கு இரண்டும் பிடிக்கவில்லை. பைலாவில் ஒரு தடவை விழிப்பு, நிகழ்ச்சி முடிந்த பிறகு கழிவறைக்குத் துணையாக இன்னொரு தடவை விழிப்பு. ஒரு நாள் காலையில் தீர்ப்பு வந்தது.

"அந்த ரேடியோ இனி இந்த வீட்டுக்குள்ள பாடக் கூடாது."

"அது பாடலயே, பேசுது."

"பேசவும் கூடாது."

போனில் கேட்கலாமே என்று பள்ளிக்கூடத்தில் ஒரு இளம் ஆசிரியை சொல்லித் தந்தார். கேட்டுப் பார்த்தேன். இரைச்சல் இல்லாத பேய்க் கதை, மணக்காத கருவாடு மாதிரி இருந்தது. மறுபடியும் ரேடியோவையே கையில் எடுத்தேன்.

மலைநாட்டில் ரேடியோ வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் அலை இழுக்கிற இடம் என்று ஒன்று உண்டு. சிலருக்கு அது மழைநீர் ஓடும் கூரைப் பீலிக்குக் கீழே இருக்கும். சிலருக்குக் கோழிக்கூட்டின் மேல் இருக்கும். கிரிக்கெட் நடக்கும் நாளில் கோழிக்கூட்டைச் சுற்றிப் பெரிய மனிதர்கள் நிற்பதை நான் கண்டிருக்கிறேன். எங்கள் இடத்தைத் தேடி ரேடியோவைத் தூக்கிக்கொண்டு முற்றம், வாசல், படிக்கட்டு என்று நான் ஏறிக்கொண்டே போனேன். கடைசியில் அது எங்கே கிடைத்ததென்றால், எங்கள் கேட்டைக் கடந்து மேலே போகும் கொங்கிரீட் படிகளின் உச்சியில், சரிவு வீடுகளுக்குத் தண்ணீர் அனுப்பும் தாங்கியின் மேல் கிடைத்தது. தட்டையான கூரை, உட்கார வசதி. ஏரியலை முழுதாக இழுத்து வானத்தைப் பார்க்கப் பிடித்தால் தேன் குரல்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது. மேகம் நகர நகர ஏரியலையும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கழிவறைக்குப் போகப் பயப்படுகிறவன் நடு இராத்திரியில் தண்ணீர்த் தாங்கிமேல் எப்படி உட்கார்ந்தான் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. போகும்போது பயம் இல்லை, இன்னும் கதை கேட்கவில்லையே. கேட்கும்போதும் பயம் இல்லை, இரண்டு பேர் கூட இருக்கிறார்கள். நிகழ்ச்சி முடிந்து, "இனிய இரவு நேயர்களே" என்று அவர்கள் என்னைக் கைவிட்டுப் போன பிறகுதான் பயம். அதன்பின் எனக்கும் என் வீட்டுக்கும் இடையில் அந்தப் படிகள் இருந்தன.

மனைவி கோயில் குளம் என்று இருக்கிறவள். அவளுக்குச் சாமி உண்டு, பேய் இல்லை. எனக்குச் சாமி இல்லை, பேய் உண்டு. பயம் வந்தால் ஏதாவது தோத்திரம் சொல்லலாம், ஆனால் கொள்கை இடம் கொடுக்காது. ஆகவே எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டு ஓடுவேன். ஐதரசன், ஈலியம், இலிதியம், பெரிலியம், போரன், காபன். ஆவர்த்தன அட்டவணைதான். ஒழுங்காக ஓடினால் கல்சியம் வரும்போது கேட் வந்துவிடும்.

இப்படிச் சில மாதங்கள் நிம்மதியாகப் போயின. பிறகு வந்தது அந்த இராத்திரி.

பனி அதிகம். இடுப்பில் வெள்ளைச் சாரம் கட்டி, வெள்ளை பனியன் மேல் மனைவியின் வெள்ளைச் சால்வையைப் போர்த்தி, தலையில் கறுப்புக் குரங்குத் தொப்பியை முகம் மூட இழுத்துவிட்டு, மடியில் ரேடியோவோடு நான் தயார். கொஞ்ச நேரம் சாதாரணப் பேய்கள் வந்து போயின. பிறகு ஒரு பெண் குரல்.

"வணக்கம் அம்மா. ரேடியோ சத்தத்தைக் குறைச்சிட்டுப் பேசுங்க. எங்கிருந்து பேசுறீங்க?"

"கண்டிக்குக் கிட்டங்க. பேரு வேணாங்க."

நான் எழுந்து நின்றுவிட்டேன். கண்டி. கடைசியில் எங்களுக்கும் ஒன்று கிடைத்துவிட்டது. ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாதென்று ஏரியலை இன்னும் உயரப் பிடித்தேன்.

"என்ன பார்த்தீங்க அம்மா, சொல்லுங்க."

"பார்த்தது இல்லீங்க, பார்த்துக்கிட்டே இருக்கேன். இப்பவும் நிக்குது. எங்க ஜன்னலுக்கு நேரா, தண்ணி டேங்கு மேல. இப்பத்தான் எழும்பி நின்னுச்சு."

கண்டியில் மலைக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி இருக்கிறது. இதில் சந்தேகப்பட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தாங்கியின் மேல் பேய் வைத்தது புதுமையாக இருக்கிறதே என்றுதான் ரசித்தேன்.

"எப்படி இருக்கு அம்மா?"

"வெள்ளையா இருக்குங்க. தலை இல்ல."

"தலையே இல்லையா?"

"கழுத்தோட முடிஞ்சிருச்சு. வயித்துக்கிட்ட ஒரு செவப்புக் கண்ணு. ஒரு கை மட்டும் ரொம்ப நீளம், மெலிசா, மினுங்குது. அத வானத்தப் பாத்துத் தூக்கி ஆட்டிக்கிட்டே இருக்கு."

யாழ்ப்பாணத்துக்காரர் தொண்டையைச் செருமினார். "ஓம், உது எங்களுக்குத் தெரிஞ்ச வகைதான். மின்னல் அடிச்சுச் செத்த ஆக்கள் இப்பிடித்தான் கையை மேல தூக்கிக்கொண்டு நிப்பினம். வேற என்ன செய்யும் அது?"

"ஏறும்போது மெதுவா ஏறுதுங்க, முட்டிய புடிச்சுக்கிட்டு. இறங்கும்போது பறக்குது. இறங்குறப்ப ஏதோ மந்திரம் சொல்லுது. தமிழும் இல்ல, சிங்களமும் இல்ல. தெனமும் அதே மந்திரந்தான்."

"தினமும் அதையேதான் சொல்லுதோ? அப்ப அது படிப்பைப் பாதியில விட்ட ஆவி. சோதினை பாஸ் பண்ணாமச் செத்திருக்கும்."

பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்தேன்.

தேன் குரல்காரர் கேட்டார்: "உங்களுக்கு ஏதாவது தொந்தரவு செய்ததா அம்மா?"

"எனக்கு ஒண்ணும் செய்யலீங்க. மகளுக்காகத்தான் போன் எடுத்தேன். நாங்க ஹுன்னஸ்கிரிய தோட்டத்து ஆளுங்க. மக டவுன்ல பாமசில வேல செய்றா. அதுக்காகத்தான் இங்க வீடு எடுத்து வந்தோம். வாற மாசத்துல இருந்து ராத்திரி ஷிப்ட் குடுத்திருக்காங்க. முடியாதுன்னா வேல போயிரும். வேல முடிஞ்சு வந்தா அந்த டேங்கு அடியிலதான் நடந்து வரணும். நான் வேணாம், தோட்டத்துக்கே போயிருவோம்னு சொல்றேன். அவ அழுகிறா. என்ன செய்யட்டுங்க?"

எனக்கும் மனது கனத்தது. படித்து முன்னுக்கு வந்த ஒரு தோட்டத்துப் பிள்ளை, யாரோ ஒரு தலையில்லாத சோம்பேறியால் வேலையை விட வேண்டுமா? அந்தப் பேயின்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

அப்போது என் பின்னால் புதருக்குள் ஏதோ சலசலத்தது. திரும்பிப் பார்த்தேன்.

"திரும்புதுங்க" என்றது ரேடியோ.

செருப்பைத் தேடிக் குனிந்தேன்.

"குனியுது."

அந்தப் பேய்க்கும் எனக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணம் எப்படி வருகிறது? அதற்கும் எனக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது, முற்பிறவித் தொடர்பாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, ஒற்றைச் செருப்போடு இறங்க ஆரம்பித்தேன். ஐதரசன், ஈலியம், இலிதியம். ரேடியோ கையிலேயே கத்திக்கொண்டு வந்தது. "ஐயோ, ஓடுதுங்க! படியில ஓடுது! மந்திரம் சொல்லிக்கிட்டே ஓடுது!" பெரிலியம், போரன், காபன். கரகரப்புக்கு நடுவே, "ஒரு வீட்டுக்குள்ள பூரப் போவுது, நீலக் கேட்டு, நீலக் கேட்டு வீடு" என்று கேட்டது.

எங்கள் கேட்டும் நீலம்தான். யாரோ இன்னொரு நீலக் கேட்டுக்காரர் வீட்டுக்குள் பேய் போகிறதே, பிள்ளைகுட்டி இருக்குமே என்று, கொண்டியில் கையை வைத்தபடி, உண்மையாகவே இரங்கினேன். இரங்கி முடித்துவிட்டுத்தான் கொண்டியைப் பார்த்தேன். பிறகு சாரத்தைப் பார்த்தேன். வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்த ரேடியோவின் சிவப்பு விளக்கைப் பார்த்தேன். கையிலிருந்த ஏரியல் தெருவிளக்கில் மினுங்கியது.

"நீங்கள் ஜன்னல்ல எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுங்கோ அம்மா. அந்த வீட்டு ஆக்கள்தான் கவனமா இருக்கவேணும்" என்று யாழ்ப்பாணத்துக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். "அங்க ஆருக்கோ மனநிலை சரியில்லாம இருக்கும்."

ரேடியோவை அணைத்தேன்.

காலையில் மனைவியிடம் சொன்னேன். ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவள் தோசைக்கல்லை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். ரொட்டி கருகியது. அதை இறக்கி வைத்துவிட்டு இன்னொரு தடவை சிரித்தாள். "முட்டிய புடிச்சுக்கிட்டு" என்பாள், மறுபடியும் தொடங்குவாள். கலியாணமான புதிதில்கூட நான் அவளை இவ்வளவு சந்தோஷப்படுத்தியதில்லை. எல்லாம் அடங்கிய பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"சரி, இன்னைக்கே போய்ச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது? நான்தான் பேய்னா?"

"வேற என்ன சொல்லுவீங்க? ஒரு புள்ளையோட வேலைங்க அது."

"நான் இந்த ஊர்ல ஒரு சேர். பெற்றோர் கூட்டத்துல..."

"பேயா நிக்க வெக்கமில்ல, சொல்லத்தான் வெக்கமா?"

தாங்கிக்கு அப்பால், மழைத் தண்ணீர் ஓடும் கானோரமாகத் திரும்பிப் போனால் எதிர்ச் சரிவில் நாலைந்து வீடுகள். அவற்றில் எது என்று கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. ஒரே ஒரு ஜன்னலில்தான் எலுமிச்சம்பழமும் காய்ந்த மிளகாயும் கட்டித் தொங்கின. எனக்காகக் கட்டியது. பேய் ஒரு வீட்டுக்கு முதல் தடவை போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும் என்று தெரியாததால் ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கொழுந்து பறித்த கைகள், நேரான முதுகு. கதிரையைத் துடைத்துப் போட்டார். பின்னால் மகள் நின்றாள், வேலைக்குப் போகும் சட்டையில், அழுத கண்ணோடு. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, இரசாயன ஆசிரியர் என்று தொடங்கி, ரேடியோ, மலை, அலைவரிசை, சாரம், சால்வை, குரங்குத் தொப்பி என்று ஒன்றுவிடாமல் விளக்கி, "ஆகவே அந்த உருவம் நான்தான்" என்று முடித்தேன். நல்ல பாடம். கரும்பலகை இருந்திருந்தால் படம்கூட வரைந்திருப்பேன்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். சுவருக்கு அப்பால் அவள் சிரிப்பது கேட்டது. அம்மா சிரிக்கவில்லை. என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"சேர், பிளேன்டீ குடிங்க."

குடித்தேன்.

"இவ சொல்லித்தானே வந்தீங்க?"

"யார்?"

"எம் மகதான். வேலைக்குப் போகணும்னு யார யாரயோ புடிக்கிறா. நேத்து பாமசி முதலாளியம்மாகிட்ட பேசச் சொன்னா. இன்னைக்கு உங்கள அனுப்பியிருக்கா. நல்ல மனசு சேர் உங்களுக்கு. ஆனா நான் கண்ணால பாத்தேன். அது உங்கள மாதிரி இல்ல. அது என்னா ஓட்டம் ஓடுது தெரியுமா? நீங்க இந்தப் படி ஏறுனதுக்கே இன்னும் மூச்சு வாங்குறீங்க."

மகள் உள்ளேயிருந்து, "அம்மா, சத்தியமா நான் சேரைப் பாத்ததே இல்லம்மா" என்றாள்.

"நீ பேசாத."

இதுவரை என் வாழ்க்கையில் பல விஷயங்களை நான் நிரூபிக்கத் தவறியிருக்கிறேன். நான்தான் பேய் என்பதை நிரூபிக்க முடியாமல் போகும் என்று மட்டும் எதிர்பார்த்ததில்லை. சோதித்துப் பார்க்காமல் நம்பாதே என்று சொல்லிக் கொடுக்கிறவன் நான். இந்த அம்மா அதைத்தான் செய்கிறார். வேறு வழியில்லை, பரிசோதனைதான்.

அன்றிரவே ஏற்பாடானது. எதிர்ச் சரிவு ஜன்னலில் அம்மா, மகள், அவர்களோடு என் மனைவி. தனக்கு இந்த மாதிரிக் காட்சி இனிக் கிடைக்காது என்று சொல்லி, ஒரு போத்தலில் தேநீரும் கொஞ்சம் முறுக்கும் கட்டிக்கொண்டு போயிருந்தாள். தாங்கியின் மேல் நான், அதே சாரம், அதே சால்வை, அதே தொப்பி. காதில் போன், மறுமுனையில் மகள்.

"சேர், அம்மா கேக்கிறாங்க, கையைத் தூக்கச் சொல்லி."

ஏரியலைத் தூக்கினேன்.

"ஆட்டச் சொல்றாங்க."

ஆட்டினேன்.

"சரியாம். தலை இல்லாதது சரியாம். கண்ணும் சரியாம். இப்ப ஓடச் சொல்றாங்க."

ஓடினேன். ஐதரசன், ஈலியம் என்று உரத்தே சொல்லிக்கொண்டு, படிகளில் என்னால் முடிந்த வேகத்தில் இறங்கினேன். பாதியில் போன் பேசியது.

"சேர், இல்லையாம். அது இப்படி ஓடாதாம். நீங்க சந்தைக்குப் போற மாதிரி போறீங்களாம்."

திரும்பி ஏறினேன், முட்டியைப் பிடித்துக்கொண்டு. அந்தப் பகுதி அசலாக இருந்ததாம், அம்மாவே ஒத்துக்கொண்டாராம். மறுபடி ஓடினேன். போதவில்லை. மூன்றாவது தடவை ஏறியபோது எனக்கே நம்பிக்கை போய்விட்டது. பிரச்சினை என்னவென்றால், எனக்குப் பயம் வரவில்லை. மூன்று பெண்கள் முறுக்குத் தின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த மனிதனுக்குத்தான் பயம் வரும்? பயமில்லாமல் அந்த ஓட்டமும் வராது. எதிரே ஜன்னலில் அம்மா தலையை ஆட்டுவது தெரிந்தது. "நாளைக்கே சாமான் கட்டுவோம்" என்று அவர் சொல்வது போனில் கேட்டது. மகள் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு பிள்ளையின் எதிர்காலம் என் கால்களில் இருக்கிறது, கால்களோ சந்தைக்குப் போகின்றன.

அப்போது போன் கை மாறியது. என் மனைவியின் குரல், மெதுவாக, கவலையோடு.

"என்னங்க. நீங்க தனியாத்தானே போனீங்க?"

"ஆமா, ஏன்?"

"அப்ப உங்களுக்குப் பின்னால நிக்கிறது யாரு?"

அதன் பிறகு நடந்ததை நான் முழுதாகச் சொல்ல முடியாது, எனக்கு நினைவில் இல்லை. படிகள் காலில் பட்டதாகத் தெரியவில்லை. போன் ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். கல்சியம் வரை போகவில்லை, நைதரசனிலேயே கேட் வந்துவிட்டது. கேட்டைத் திறந்தேனா, மேலாலே வந்தேனா என்பது இன்றுவரை விவாதத்துக்குரியது. முற்றத்தில் நின்று மூச்சு வாங்கும்போதுதான் எதிர்ச் சரிவிலிருந்து அந்த அம்மாவின் குரல், பள்ளத்தையெல்லாம் தாண்டி, தெளிவாக வந்தது.

"அதேதான்! இதேதான்! ஐயோ, இதே ஓட்டந்தான்!"

பிறகு மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரித்தது எனக்குத் தனியாகக் கேட்டது. மலையில் கூப்பிட்டுப் பழகிய குரல், சிரித்தாலும் அடுத்த மலைக்குக் கேட்கும். சரிவில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரிந்தது. நானும் முற்றத்தில் உட்கார்ந்து சிரித்தேன். கொஞ்சம் தாமதமாகத்தான், முதலில் பின்னால் ஒரு தடவை பார்த்துவிட்டு.

சாமான் கட்டவில்லை. எலுமிச்சம்பழத்தை இறக்கி, மனைவிக்கு ஊறுகாய்க்குக் கொடுத்தார்கள். பேயை விரட்டக் கட்டிய பழத்தில் போட்ட ஊறுகாயைப் பேயே சாப்பிட்டது, நன்றாக இருந்தது. நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று அந்த அம்மா மறுபடி நிகழ்ச்சிக்குப் போன் எடுத்தார். "அது பேய் இல்லீங்க, பக்கத்து வீட்டு வாத்தியாரு, ரேடியோ கேக்க ஏறுனவரு" என்று தொடங்கியதும் தேன் குரல்காரர் அவசரமாக, "அம்மா, உங்கள் குரல் தெளிவாக இல்லை" என்றார். தாங்கியின் மேல் எனக்கு மிகத் தெளிவாகக் கேட்டது. தொடர்பு துண்டிக்கப்பட்டது. தான் சொன்ன எலுமிச்சம்பழப் பரிகாரம் பலித்ததைப் பற்றி யாழ்ப்பாணத்துக்காரர் நெடுநேரம் பேசினார். ஒரு பேய் குணமாவதைப் பற்றி அவ்வளவு அழகாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஒரு வார்த்தையும் உண்மையில்லை என்று தெரிந்தும் கடைசிவரை கேட்டேன்.

அடுத்த மாதம் மகளுக்கு இராத்திரி ஷிப்ட் தொடங்கியது. முச்சக்கரவண்டி அவளைக் கீழே வீதியில் இறக்கிவிடும். அங்கிருந்து படிகளில் ஏறி, எங்கள் நீலக் கேட்டைக் கடந்து, தாங்கியடியில் திரும்பி வீட்டுக்குப் போவாள். அந்த நேரம் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும், நான் மேலே இருப்பேன். இப்போது குரங்குத் தொப்பியை நெற்றிக்கு மேலே மடித்துவிட்டுக்கொள்கிறேன், ஒரு டோச்சும் கொண்டுபோகிறேன். அவள் ஏறி வரும்போது படிகளுக்கு வெளிச்சம் அடிப்பேன்.

"வர்றேன் சேர்" என்பாள்.

"பயப்படாம போம்மா, நான் இருக்கேன்" என்பேன்.

எதிர் ஜன்னலில் அம்மா கையசைப்பார். நானும் ஏரியலை அசைப்பேன். இத்தனை வருடப் பேய்ப் பக்தி கடைசியில் ஊருக்கு உபயோகப்பட்டதே என்று எனக்குள் ஒரு பெருமை. பிள்ளைகளுக்கு இரசாயனவியல் சொல்லிக் கொடுத்ததைவிட இதுதான் நான் செய்த உருப்படியான காரியம் என்று தோன்றும். காவல் தெய்வம் என்று சொல்லிவிட்டால் மிகை, ஆனால் அந்தத் திசையில்தான் எண்ணம் போய்க்கொண்டிருந்தது. இதை மனைவியிடமும் ஒரு நாள் கொஞ்சம் அலங்காரத்தோடு சொன்னேன். அவள் வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டாள்.

போன வாரம் என் பிரஷர் குளிசை வாங்க அவள் பாமசிக்குப் போனாள். அந்தப் பிள்ளைதான் எடுத்துக் கொடுத்ததாம். திரும்பி வந்து குளிசையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அந்தப் புள்ள ஏன் படி ஏறும்போது செருப்ப அவ்வளவு சத்தமா தேச்சிக்கிட்டு வருதுன்னு இன்னைக்குத்தான் கேட்டேன். 'மெதுவா வந்தா சேர் பயந்துருவாரு ஆன்ட்டி, மேல இருந்து விழுந்துட்டாருன்னா'ங்குது."